வாடகைக்கு வந்தவர்கள் வேரூன்றிய ஊர்: மாதுங்காவின் கதை

மும்பையில் வாழும் நம்மவர் ஒருவரிடம் பூர்வீகம் எது என்று கேட்டால் கல்பாத்தி, கும்பகோணம், கல்லிடைக்குறிச்சி என்று ஏதாவது ஓர் அக்ரஹாரத்தின் பெயர் வரும். இந்த ஊருக்கு வந்தபோது முதலில் எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டால், பழைய குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான். மாதுங்கா. அங்கே தாத்தா மாத வாடகைக்கு இரண்டு அறைகள் எடுத்திருப்பார். அதே தெருவில் இன்று ஒரு வீடு வாங்க நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பேரனாலும் முடிவதில்லை.

பிழைக்க வந்த அயலூர்க்காரர்கள் கையில் இருந்த சொற்பச் சம்பளத்துக்கு ஏற்ற இடம் என்று தேடிப் போன பேட்டை எப்படிக் கோடீஸ்வரர்களின் பேட்டையாயிற்று? இடையில் அங்கே நாம் எதைச் சம்பாதித்தோம், எதை விட்டோம்? பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழும்பும் இந்நாளில் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

பிளேக் தந்த பேட்டை

மாதுங்காவின் கதை ஒரு கொள்ளை நோயில் ஆரம்பிக்கிறது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளும், காற்றும் வெளிச்சமும் நுழையாத சால்களும் நெருங்கிக் கிடந்த பகுதி அது. நோய் நகரம் முழுவதும் பரவியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். வியாபாரமும் மில்களும் ஸ்தம்பித்தன.

இதன் விளைவாக 1898-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நகரத்துக்குள் அகன்ற வீதிகளை வெட்டிக் காற்றோட்டம் உண்டாக்குவது அதன் ஒரு வேலை. வடக்கே காலியாகக் கிடந்த தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை அமைப்பது இன்னொன்று. இந்த வடக்குத் திட்டங்கள் 1899-1900 வாக்கில் வகுக்கப்பட்டன. அப்போது அங்கே வயல்கள், தோப்புகள், சிறு கிராமங்கள், சற்றுத் தள்ளி உப்பளங்கள். மாதுங்கா என்ற பெயரே மாதங்கம், அதாவது யானை, என்பதிலிருந்து வந்தது என்றும், முன்னொரு காலத்தில் அரசரின் யானைக் கொட்டில் இங்கே இருந்தது என்றும் சொல்வதுண்டு.

அந்த நிலத்தை டிரஸ்ட் சட்டப்படி கையகப்படுத்தியது. நஷ்ட ஈடு பற்றிய தாவாக்கள் வருஷக்கணக்கில் நடந்தன. பள்ளங்களை மேடாக்கி, சாக்கடை அமைத்து, சாலை போட்டு, மனைகளாகப் பிரித்து நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். மனை முழுவதையும் அடைத்துக் கட்டக் கூடாது, சுற்றிலும் காற்றுக்கு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. மரங்கள் நிறைந்த சாலைகளும் ஐந்து தோட்டங்களும் அந்த ஏற்பாட்டின் பலன்தான். டிரஸ்டில் இன்ஜினியராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி என்ற பார்ஸி கனவான், தம் சமூகத்தின் மத்தியதர வர்க்கத்தாருக்காக 103 மனைகளை ஒதுக்கச் செய்தார். தாதர் பார்ஸி காலனி அப்படித்தான் உருவாயிற்று.

நம்முடைய பேட்டை வெறும் தரையில் எழும்பவில்லை, அங்கே ஏற்கனவே பயிர் செய்து பிழைத்தவர்களின் நிலத்தில்தான் எழும்பியது என்பதை முதலிலேயே குறித்துக் கொள்ள வேண்டும்.

யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள்

பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே ரெய்ச்சூர் வழியாக ரயில் இணைப்பு 1871-லேயே வந்துவிட்டது. ஆனால் நம்மவர்கள் பெருமளவில் வரத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான், குறிப்பாக முதல் உலகப் போருக்குப் பின்பு. பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய மூன்று பிரதேசங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள்.

காரணம் என்ன? 1921-ல் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புவாரி அரசாணையைத்தான் நம் கூட்டங்களில் பலரும் உடனே சொல்வார்கள். 1920களின் பிற்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தபோது சர்க்கார் உத்தியோகத்தில் நமக்கிருந்த இடம் குறைந்தது உண்மைதான். எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு முன்பு அந்த இடம் அதிகமாக இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. அதையே முழுக் காரணமாகச் சொன்னால் சரித்திரம் குறைபட்டுப் போகும். பாகப்பிரிவினையில் துண்டு துண்டான நிலம், விளைபொருள் விலை வீழ்ந்த 1930களின் மந்தம், ஆங்கிலப் படிப்பு முடித்து உள்ளூரில் வேலை கிடைக்காத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துதான் ரயிலேற்றின.

பம்பாயில் அப்போது வளர்ந்து கொண்டிருந்த வர்த்தகக் கம்பெனிகள், பாங்குகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், ரயில்வே எல்லாவற்றுக்கும் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையரும் ஷார்ட்ஹேண்டில் லோயரும் பாஸ் செய்த பையன் ஒரு டிரங்குப் பெட்டியோடும் யாரோ ஒரு மாமாவுக்கு எழுதிய கடிதத்தோடும் வந்து இறங்கினான். ஒரே அறையில் நாலைந்து பிரம்மச்சாரிகள், மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு, மாதா மாதம் ஊருக்கு மணியார்டர். கலியாணமாகி அந்தப் பெண் குடித்தனம் நடத்த வரும்போதுதான் வீடு என்ற பிரச்னை எழுந்தது.

ஏன் மாதுங்கா?

சாதாரணச் சம்பளக்காரருக்கு அன்றைக்குக் கிடைத்தது சால். நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள், மாடிக்குப் பொதுவாகக் குழாய், கோடியில் பொதுக் கழிப்பறை. மடியும் ஆசாரமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பெரும் சங்கடம். கோட்டைப் பக்கமோ கிர்காமிலோ தனி வீடு எடுப்பதென்றால் சம்பளம் போதாது.

மாதுங்காவில் மனைகள் 1920களில் மெதுவாகத்தான் போணியாயின. ஊரை விட்டு வெகு தூரம் என்று பலர் தயங்கினார்கள். 1930களில் கட்டிட வேலை சூடு பிடித்து, மூன்று நான்கு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக எழும்பின. கட்டியவர்களில் பலர் முதலீட்டுக்காகக் கட்டிய வணிகர்கள். அவர்களுக்கு மாதம் தவறாமல் வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் வேண்டும். நம்மவருக்கு இரண்டு அறை, தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே மோரியும் கழிப்பறையும் கொண்ட ‘பிளாக்’ வேண்டும். தேவை இரண்டும் பொருந்தின. கழிப்பறை வீட்டுக்குள் இருப்பதைப் பெரியவர்கள் ஆரம்பத்தில் ஒப்பவில்லை என்றாலும், நாலு குடித்தனத்தோடு பகிர்ந்து கொள்வதைவிட இது மேல் என்று சமாதானம் ஆகிவிட்டார்கள்.

போக்குவரத்தும் கை கொடுத்தது. தாதர் வரை டிராம் இருந்தது. அதனால்தான் அந்த இடத்துக்கு இன்றும் தாதர் டி.டி. என்று பெயர். 1925 பிப்ரவரி 3-ம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை துறைமுகப் பாதையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. மாதுங்காவில் ரயில்வே பட்டறை 1915-லேயே வந்துவிட்டது. விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிட்யூட் 1923-ல் மாதுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. வேலைக்குப் போக ரயில், பிள்ளை படிக்கக் காலேஜ், கட்டுப்படியாகும் வாடகை. குமாஸ்தாவுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் நாலு குடும்பம் வந்தது. அவர்களை நம்பிப் பத்து வந்தது. அதன் பின் வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிக்கொட்டை, தொடுத்த பூ எல்லாம் வந்தன. புரோகிதர் வந்தார், பாட்டு வாத்தியார் வந்தார். உடுப்பிக்காரர்கள் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். கஃபே மெட்ராஸ் 1940-லும், ஏ. ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-லும் தொடங்கியவை. மராத்தியரும் குஜராத்தியரும் நம் எல்லோரையும் ‘மதராஸி’ என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். பாலக்காட்டாரும் தஞ்சாவூராரும், தமிழரும் கன்னடியரும் மலையாளியும் ஒரு சந்தையில் காய் வாங்கி, ஒரு கோயிலில் சேவித்து, அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்களாகவே ஆகிவிட்டார்கள்.

குடித்தனக்காரர்கள் கட்டியவை

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குடும்பங்களில் அநேகமாக யாருக்கும் சொந்தக் கூரை கிடையாது. மாதம் பிறந்தால் வாடகை ரசீது. அப்படியிருந்தும் பொதுக் காரியத்துக்கு அவர்கள் கட்டிடங்களை எழுப்பினார்கள்.

கொச்சு குருவாயூர் என்று அன்போடு அழைக்கப்படும் ஆஸ்திக சமாஜம் 1923-ல் தொடங்கியது. பஜன சமாஜமும் சங்கர மடமும் தோன்றின. எம்.வி. வெங்கடேஸ்வரன் முயற்சியால் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஆரம்பமாயிற்று. மாதுங்காவில் சிறிய பள்ளியாகத் தொடங்கிய அது 1960-ல் சயானில் காலேஜாக வளர்ந்து, பின்னாளில் நவி மும்பையின் நெருல் வரை விரிந்தது. 1952-ல் தோன்றிய சண்முகானந்தா சபை, 1963-ல் கிங்ஸ் சர்க்கிள் அருகே தன் பெரிய அரங்கத்தைத் திறந்தது. 1990-ல் தீ விபத்தில் அது சேதமடைந்தது. எட்டு வருஷம் உழைத்து, பணம் திரட்டி, 1998-ல் மறுபடியும் திறந்தார்கள். கச்சேரி கேட்க 2,700 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் அது.

சொந்த வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை இவற்றுக்குக் கொடுத்தவர்கள் அந்தத் தலைமுறையினர். அவர்கள் வாழ்ந்த பிளாக்குகள் கை மாறிவிட்டன. சமாஜமும் பள்ளியும் சபையும் நிற்கின்றன.

உறைந்து போன வாடகை

இத்தனைக்கும் அடியில் ஒரு சட்டம் இருந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1947-ம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ல் இருந்த வாடகையை அடிப்படையாக வைத்துக் குடக்கூலியை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. போர்க்காலத்து விலையேற்றத்திலிருந்து குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. அரிசி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வாடகை மட்டும் அங்கேயே நின்றது. பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்கவும், பெண்ணுக்குக் கலியாணம் செய்யவும், சபைக்கு நன்கொடை எழுதவும் மிச்சம் வந்ததென்றால் நம் சிக்கனம் ஒரு காரணம். உறைந்த வாடகை இன்னொரு காரணம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வருமானம் வராத கட்டிடத்தை வீட்டுக்காரர் ஏன் பராமரிக்கப் போகிறார்? சுவர் விரிந்தது, தளம் ஒழுகியது. 1969-ல் தனிச் சட்டம் போட்டு, பழைய கட்டிடங்களுக்கு ஒரு வரி விதித்து, பழுது பார்க்க வாரியம் அமைக்க வேண்டியதாயிற்று. சட்டத்துக்குப் புறம்பாகப் ‘பகடி’ முறையும் வளர்ந்தது. உள்ளே வருபவர் ஒரு பெருந்தொகை கொடுப்பார். போகிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் அது பங்காகும். வாடகை என்னவோ சில ரூபாய்தான், ஆனால் வாசலுக்குள் நுழையப் புதிதாக வந்த குமாஸ்தாவுக்கு வழியில்லை. முன்னால் வந்தவரைக் காத்த அதே சட்டம் பின்னால் வந்தவருக்குக் கதவைச் சாத்தியது.

பழைய வாடகைச் சட்டத்தின் முக்கிய விதிகள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999-ம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் அமலுக்கு வந்தது. வருஷத்துக்கு 4 சதவிகிதம் வாடகையை உயர்த்தலாம் என்றது. பகடியையும் சட்டபூர்வமாக்கியது.

வெளியார் என்ற சொல்

வந்தேறிகள் என்ற பேச்சும் நமக்குப் புதிதல்ல. 1966 ஜூன் 19-ல் தோன்றிய சிவசேனையின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். கம்பெனிகளில் பெரிய உத்தியோகத்திலிருந்த தென்னிந்தியர் பெயர்ப் பட்டியல்கள் ‘மார்மிக்’ பத்திரிகையில் வெளிவந்தன. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. உத்தியோகத்தை எல்லாம் வெளியூர்க்காரர்கள் கொண்டு போகிறார்கள் என்ற கோபம் அது. அக்கம்பக்கத்து மராத்தியர் பலர் நம்மோடு சிநேகமாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை. நம் பிள்ளைகள் மராத்தி பேசக் கற்றார்கள், கணபதி உத்சவத்தில் கலந்து கொண்டார்கள்.

இந்தப் பேட்டையைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத இன்னொன்று உண்டு. மாதுங்காவிலிருந்து சற்று நடந்தால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் பாடுபட்ட தமிழர்கள், நம்மவர் வருவதற்கு முன்பே அங்கே குடியேறியவர்கள். அதன் ஒரு பகுதிக்கு மாதுங்கா லேபர் கேம்ப் என்றே பெயர். அவர்கள் பேசியதும் தமிழ்தான், அவர்கள் ஏறி வந்ததும் அதே ரயில்தான். ஆனால் டிரஸ்ட் போட்ட சாலையும் சாக்கடையும் அவர்கள் வாசல் வரை வரவில்லை. மாதுங்கா வீட்டுக்காரர் ‘ஐயர் குடும்பம்தானே’ என்று கேட்டு வீடு கொடுத்தபோது, அந்தக் கேள்வி நமக்குத் திறந்த கதவை அவர்களுக்குச் சாத்தியது. நாம் முன்னேறியது உழைப்பால் என்று சொல்லிக் கொள்வதில் தவறில்லை. உழைப்புக்கு முன்னால் இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விலை ஏறிய பிறகு

1950களிலிருந்தே குடும்பங்கள் பெருகி, மாதுங்கா பிளாக்கில் இடம் போதாமல் இளைய பிள்ளைகள் வெளியேறத் தொடங்கினார்கள். டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபோது செம்பூர் வளர்ந்தது. சேடா நகர் முருகன் கோயில் அந்தக் குடியேற்றத்தின் அடையாளம். அடுத்து முலுண்ட், டோம்பிவிலி, 1970-ல் சிட்கோ அமைக்கப்பட்ட பின் வாஷி, நெருல். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் மலிவான இடம். தாத்தா மாதுங்காவில் செய்ததைத்தான் பேரன் டோம்பிவிலியில் செய்தான். கொள்ளுப்பேரன் இன்று ஜெர்ஸி சிட்டியில் ரயில் நிலையத்துக்குப் பக்கமாக, வாடகைக்கு ஏற்ற இடம் தேடுவதும் அதே காரியம்தான்.

இதற்கிடையே மாதுங்கா மாறியது. 1982 மில் வேலைநிறுத்தத்துக்குப் பின் பரேல், லோயர் பரேல் மில்கள் நொடித்து, அந்த நிலத்தில் கோபுரங்களும் ஆபீஸ்களும் எழும்பின. நகரத்தின் நடுப்பகுதி முழுவதற்கும் விலை ஏறியது. 1991 நகர வளர்ச்சி விதிகளின் 33(7) பிரிவு, வரி செலுத்தும் பழைய கட்டிடங்களை இடித்துக் கட்ட முன்வருபவருக்குக் கூடுதல் மாடி கட்ட அனுமதி தந்தது. குடித்தனக்காரருக்குப் புது வீடு சொந்தமாகக் கிடைக்கும், மேலே கட்டும் மாடிகளை பில்டர் விற்றுக் கொள்வார். நான்கு மாடி இருந்த இடத்தில் இருபதும் அதற்கு மேலும் நிற்பது இதனால்தான். வாங்குகிறவர்களில் குஜராத்தி, கச்சி வணிகக் குடும்பங்கள் அதிகம். பல நம்மவர் குடும்பங்கள் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டன.

“மாதுங்கா முன் போல் இல்லை” என்று வருந்தும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறோம். வருத்தம் இயல்புதான். ஆனால் புதிதாக வருகிறவர் மேல் குறைப்பட்டு என்ன பயன்? வயலை விட்டுப் போன கிராமத்தார் நம்மைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விற்றவர்களும் நாமேதான். அந்தப் பணத்தில் பேரன் வெளிநாட்டில் படித்தான் என்றால் அதிலும் குற்றம் இல்லை. வருந்தத் தக்கது வேறொன்று. இன்று இருபதாயிரமோ முப்பதாயிரமோ சம்பளத்தில் இந்நகரத்துக்கு வரும் ஒரு பையனுக்கு, அவன் எந்த சமூகமாக இருந்தாலும், நம் தாத்தாவுக்குக் கிடைத்தது போல ரயிலுக்குப் பக்கத்தில் கௌரவமான இரண்டு அறைகள் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட இடம் தானாக முளைக்காது என்பதே மாதுங்கா சொல்லும் பாடம். பொதுத் திட்டமும், ரயிலும், சட்டமும் சேர்ந்துதான் அதை உண்டாக்கின.

நம்மால் ஆகக்கூடியவை

சங்கத்தின் அளவில் நம்மால் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. மறுகட்டுமானத்துக்குக் கையெழுத்திடும் நம் குடும்பங்களில் பல, வயதான தம்பதிகள் மட்டும் இருக்கும் வீடுகள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், இடைக்கால வாடகை, உடைமை உரிமை, பின்னாளில் ஏறக்கூடிய மாதாந்திரப் பராமரிப்புச் செலவு ஆகியவற்றை விளக்கவும் நம்மிடையே ஓய்வு பெற்ற வக்கீல்களும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். வீடு சொந்தமாகியும் பராமரிப்புப் பணம் கட்ட முடியாமல் விற்றுப் போகும் நிலை வரக் கூடாது.

நம் ஸ்தாபனங்களில் காலியாக இருக்கும் அறைகளை, வேலை தேடியும் படிக்கவும் வரும் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். ஜாதி பார்க்காமல் கொடுத்தால் முன்னோர் பெற்ற உதவிக்கு அது சரியான கைம்மாறாகும்.

மூன்றாவதாக, பழைய வாடகை ரசீதுகள், ரேஷன் கார்டுகள், மெஸ் கணக்குகள், பள்ளி ஆண்டு மலர்கள், சபை நிகழ்ச்சி நிரல்கள் என வீட்டுப் பரணில் கிடப்பவை ஒவ்வொரு கட்டிடம் இடியும்போதும் குப்பைக்குப் போகின்றன. குமாஸ்தாக்களின் சரித்திரம் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்காது, இந்தத் தாள்களில்தான் இருக்கும். வீடு காலி செய்யும் முன் அவற்றைப் படம் எடுத்தோ, அசலையே கொடுத்தோ சங்கத்தில் சேர்ப்பிக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். எண்பது வயதைக் கடந்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய நம் இளைஞர்கள் முன்வர வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் எந்த வருஷம், எந்தத் தெருவுக்கு, எத்தனை ரூபாய் வாடகைக்கு வந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினாலே நல்ல தொடக்கமாக இருக்கும்.